முந்தியது எது, பிந்தியது எது?

(பலாபத்வல சங்க ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



ஆண்டுதோறும் இம்மேடையிலே அறிஞர் பலர் பேசிச் சென்றிருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் பழக்கமானவை. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ சிறிது புதியது. கணினிக்குச் செய்நிரல் எழுதும் இளைஞர்கள் நாள்தோறும் முட்டிக்கொள்ளும் ஒரு சிக்கலைப் பற்றியது. ஒரு நிகழ்ச்சி நடந்தவுடன் பல வேலைகள் நடைபெற வேண்டியிருந்தால், அவற்றுள் எது முந்தி நடக்கிறது, எது பிந்தி நடக்கிறது, அந்த ஒழுங்கு பிழைத்தால் அப்பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இப்பேச்சின் பொருள்.

"இதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?" என்று முன்வரிசையிலிருக்கும் பெரியோர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் மாத்தளைக்கும் கண்டிக்கும் கொழும்புக்கும் சென்று இத்தொழிலைக் கற்கிறார்கள். அவர்கள் இரவில் விளக்கை அணைக்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. அதுமட்டுமன்று. இன்று ஒருவருடைய கூலியும், வங்கிக் கணக்கும், மருந்துச் சீட்டும் கணினியின் வழியாகவே செல்கின்றன. அங்கே முன்பின் மாறினால் நட்டம் நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.

முதலிலே ஜாவா என்னும் நிரல்மொழியைப் பற்றிச் சில சொற்கள் சொல்வோம். 1991ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்திலே ஜேம்ஸ் கொஸ்லிங் என்பவரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய முயற்சியின் பயன் அது. ஓக் மரத்தின் பெயரையே அதற்கு முதலில் இட்டிருந்தார்கள். 1995இல் உலகுக்கு அறிவித்தபோது ஜாவா என்று மாற்றிவிட்டார்கள். 1996 சனவரியிலே முதற் பதிப்பு வெளிவந்தது. ஜாவா என்றது காப்பியைக் குறித்து வந்த பெயர். மணிமேகலையிலே சாவகம் என்று வழங்கும் அதே தீவில் விளைந்த காப்பிதான் அப்பெயருக்கு மூலம். நமது மாத்தளை மலைகளும் ஒரு காலத்திலே காப்பி விளைந்த மலைகளே என்பதைப் பெரியோர் அறிவார்கள். 1869இல் இத்தீவிலே காணப்பட்ட இலைநோய் காப்பியை அழித்த பின்னரே தேயிலை இங்கு பரந்தது.

இனிப் பொருளுக்கு வருவோம். செய்நிரலிலே நிகழ்ச்சி என்பது யாது? ஒருவர் திரையிலுள்ள பொத்தானை அழுத்துகிறார்; அது ஒரு நிகழ்ச்சி. தூரத்திலிருந்து ஒரு செய்தி வந்து சேருகிறது. அதுவும் ஒரு நிகழ்ச்சி. அந்நிகழ்ச்சி நடக்கும்போது செய்ய வேண்டிய வேலையை ஏற்றிருக்கும் நிரற்பகுதியைக் கையாளி என்று சொல்வோம். கையாளி முன்கூட்டியே சென்று, "இப்பொத்தான் அழுத்தப்பட்டால் என்னைக் கூப்பிடு" என்று தன் பெயரைப் பதிந்துகொள்ளுகிறது. பொத்தான் அழுத்தப்பட்டதும் பதிந்தவர் அனைவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவது நிரல் நூலகத்தின் கடமை. நூலகம் என்றால் பிறர் எழுதி, சோதித்து, நாம் எடுத்துப் பயன்படுத்துமாறு வைத்திருக்கும் நிரற்றொகுதி.

ஒரு கையாளி மட்டும் இருந்தால் தொல்லையில்லை. பலர் பதிந்திருந்தால் யாரை முதலில் கூப்பிடுவது? இங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

எல்லாருக்கும் விளங்குமாறு ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலே தராசுடன் ஒரு கணினியை இணைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஒரு தாய் தன் கொழுந்தைத் தராசில் வைக்கிறாள், பொத்தான் அழுத்தப்படுகிறது. உடனே மூன்று வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது, கழிவை நீக்கிச் சரியான நிறையைக் காணுதல். இரண்டாவது, அந்நிறையை அவள் பெயருக்கு நேரே பதிதல். மூன்றாவது, அன்றைய கூலியைக் கணக்கிடுதல். இந்த ஒழுங்கு மாறினால் என்னாகும்? பதியுமுன் கணக்கிட்டால், இப்போது நிறுத்த கொழுந்து கணக்கிலே சேராது. கிலோ குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும் என்பதை இச்சபையிலே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செய்நிரலை எழுதிய மூத்தவர் நூலகத்தின் இயல்பை அறிந்து மூன்று கையாளிகளையும் சரியாக அமைத்துவிட்டார். ஆண்டுகள் சில சென்றன. புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞனிடம், "நிறுத்த கிலோவைக் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் கையாளி ஒன்றைச் சேர்" என்று சொல்லுகிறார்கள். அவன் எழுதுகிறான். பதிவேட்டிலே கடைசியாக இருக்கும் நிறையை எடுத்து அனுப்பும்படி அமைக்கிறான். மூன்று வேலைகளும் முடிந்த பின்னரே தன் வேலை நடக்க வேண்டும் என்பதை உணர்ந்து, தன் கையாளியைப் பட்டியலின் கடைசியிலே பதிகிறான். மறுநாட் காலையிலே முறைப்பாடுகள் வருகின்றன. ஒருத்தியின் கிலோ மற்றொருத்தியின் தொலைபேசிக்குப் போகிறதாம்! "நேற்றுக் கை வைத்தவன் யார்? அவனே குற்றவாளி" என்று எல்லாரும் அந்த இளைஞனைப் பார்க்கிறார்கள்.

அன்பர்களே, அவன் எழுதிய வரிகளிலே பிழை ஒன்றும் இல்லை என்றால் நம்புவீர்களா? பிழை ஒழுங்கிலே இருக்கிறது. அது எப்படி என்பதை இனி ஆராய்வோம்.

ஜாவாவிலே திரைப் பொத்தான்களுக்கான நூலகங்கள் இரண்டு பெயர்பெற்றவை. மூத்தது ஏ.டபிள்யூ.டி. என்பது. கையாளிகள் பெயர் பதிந்துகொள்ளும் இன்றைய முறை 1997இல் வெளிவந்த 1.1ஆம் பதிப்பிலே வந்தது. இளையது சுவிங் என்பது. 1998இல் வெளிவந்த 1.2ஆம் பதிப்போடு சேர்ந்து வந்தது. மூத்த நூலகத்துப் பொத்தானிலே முதலிற் பதிந்த கையாளியே முதலில் கூப்பிடப்படும். சுவிங் பொத்தானிலோ பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசிக்கிறார்கள். ஆகவே கடைசியிற் பதிந்தவனே முதலில் கூப்பிடப்படுகிறான்! ஒரே மொழி, ஒரே வீடு, இரண்டு பொத்தான்கள், இரண்டு வழக்கங்கள்.

இது நூலகத்தாரின் குற்றமா? அன்று. 1.1ஆம் பதிப்போடு அவர்கள் வெளியிட்ட விளக்கத்திலேயே, கையாளிகள் எந்த ஒழுங்கிற் கூப்பிடப்படும் என்பதற்கு உறுதி எதுவும் தரவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். உறுதி தராத ஒன்றை உறுதியென்று எண்ணிக் கட்டினால் கட்டடம் ஆடுவது இயல்புதானே?

இன்னும் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். முதற் பதிப்பிலிருந்தே ஒப்சேவபிள் என்னும் பகுதி ஒன்று ஜாவாவிலே இருந்து வருகிறது. ஒரு பொருளிலே மாற்றம் ஏற்பட்டால் அதனைக் கவனித்திருப்போருக்கு அறிவிப்பது அதன் வேலை. அதன் விளக்கவுரையிலே, ஒழுங்கு வரையறுக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, பொதுவாகப் பதிந்த ஒழுங்கிலேயே அறிவிக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆனால் நிரலைத் திறந்து பார்த்தால் அது பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கியே செல்லுகிறது! உரை ஒன்று சொல்ல, செயல் வேறொன்று செய்கிறது. 2017இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பிலே அப்பகுதி புதிய நிரல்களுக்கு உகந்ததன்று என்று அறிவித்துவிட்டார்கள். அதற்குக் காட்டிய காரணங்களுள் இந்த ஒழுங்கின்மையும் ஒன்று. ஆகையால் விளக்கவுரையை வாசித்தல் வேண்டும். வாசித்ததோடு நின்றுவிடாமல் செயலையும் பார்த்தல் வேண்டும்.

நம் கொழுந்து மடுவத்துக்குத் திரும்புவோம். அங்கேயிருந்தது சுவிங் பொத்தான். மூத்தவர் அதனை அறிந்து மூன்று கையாளிகளையும் தலைகீழாகப் பதிந்திருந்தார்: கூலிக் கணக்கு முதலிலும், பதிவு இரண்டாவதாகவும், கழிவு நீக்கல் கடைசியிலும். கூப்பிடும்போது அவை நேராக நடந்தன. ஆனால் "இப்படிப் பதிந்ததற்குக் காரணம் இது" என்று ஒரு வரியேனும் அவர் எழுதிவைக்கவில்லை. இளைஞன் நாலாவதாகப் பதிந்தான். அவனுடைய கையாளியோ முதலாவதாக ஓடியது. அது ஓடும் வேளையிலே இப்போது நிற்கும் தாயின் நிறை இன்னும் பதியப்படவில்லை. பதிவேட்டிலே கடைசியாக இருப்பது அவளுக்கு முன் நிறுத்தவளுடைய நிறை. அதுவே இவளுடைய தொலைபேசிக்குச் சென்றது.

இதனைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? வழு தேடும் முறையை ஐந்து படிகளாகச் சொல்லுவோம். இளைஞர்கள் இதனைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதற்படி, முறைப்பாட்டைக் கூர்ந்து கேட்டல். "செய்தி பிழையாக வருகிறது" என்பது போதாது. யாருடைய நிறை யாருக்குப் போயிற்று? வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒவ்வொருத்திக்கும் தனக்கு முன் நிறுத்தவளுடைய நிறையே போயிருக்கிறது. அன்று முதன்முதலாக நிறுத்தவளுக்கோ வெறுஞ் செய்தி வந்திருக்கிறது. ஒரு படி பின்தங்கிய விடை எங்கே காணப்படுகிறதோ, அங்கே ஒழுங்குப் பிழை இருக்கக்கூடும் என்று ஐயுறுதல் தகும்.

இரண்டாம்படி, பிழையை மீண்டும் வரவழைத்தல். இரண்டு பெயர், இரண்டு நிறை, இரண்டு அழுத்தல். இவ்வளவே போதும். வேண்டும்போது வரவழைக்கத்தக்க பிழை பாதி தீர்ந்த பிழையாகும்.

மூன்றாம்படி, சாட்சி சேர்த்தல். ஒவ்வொரு கையாளியின் வாயிலிலும் உள்ளே நுழையும்போது ஒரு வரி, வெளியேறும்போது ஒரு வரி எழுதும்படி செய்தல் வேண்டும். அவ்வரியிலே கையாளியின் பெயரும், நேரமும், எந்த இழையிலே ஓடுகிறது என்பதும் இருக்க வேண்டும். இழை என்பது கணினி ஒரே வேளையிலே நடத்திச் செல்லும் பல வேலைத்தொடர்களுள் ஒன்று. இதனை ஏன் குறிக்க வேண்டும்? சுவிங் நூலகம் திரை வேலைகளையெல்லாம் ஒரே இழையிலே வரிசையாக நடத்துகிறது. ஒரு கையாளி தன் வேலையை "பின்னர் செய்க" என்று வரிசையின் கடைசியிலே போட்டுவிட்டாலோ, வேறோர் இழைக்குக் கொடுத்துவிட்டாலோ, அது முதலிற் கூப்பிடப்பட்டும் பிந்தி முடியலாம். கூப்பிட்ட ஒழுங்கு வேறு, முடிந்த ஒழுங்கு வேறு. நுழைவையும் வெளியேற்றத்தையும் தனித்தனியே எழுதினாலன்றி இந்த வேறுபாடு தெரியாது.

நான்காம்படி, ஓட்டத்தை நிறுத்திப் பார்த்தல். குறித்த வரியிலே செய்நிரலை நிறுத்திவைத்து, யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தோம் என்ற தொடரை மேலிருந்து கீழாக வாசிக்கலாம். அத்தொடரிலே நூலகத்தின் வரிகளும் தெரியும். அவ்விடத்திலே அஞ்சிப் பின்வாங்காமல் நூலகத்தின் மூலநிரலைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலைக் கடைசியிலிருந்து வாசிக்கும் அந்த ஒரு வரி அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாம்படி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். நாலாவது கையாளியை எடுத்துவிட்டுப் பாருங்கள். பின்னர் அதனை முதலிலே பதிந்து பாருங்கள். இரண்டு மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்தவனுக்குப் பிழை நீங்கினாலும் காரணம் விளங்காது. காரணம் விளங்காமல் நீங்கிய பிழை மீண்டும் வரும்.

காரணம் தெரிந்துவிட்டது. திருத்துவது எப்படி? நாலாவது கையாளியை முதலிலே பதிந்தால் போதும் என்று சிலர் சொல்லுவர். அது இன்றைக்கு வேலை செய்யும். நாளை ஐந்தாவது ஒருவன் வருவான், அவனும் இடறுவான். சிறந்த வழி எது என்பதை 1.1ஆம் பதிப்பின் அந்த விளக்கமே சொல்லுகிறது. ஒழுங்கு முக்கியமானால், ஒரே ஒரு கையாளியை மாத்திரம் பதிந்து, அதனுள்ளிருந்து மற்ற வேலைகளை வேண்டிய ஒழுங்கிலே கூப்பிடுதல் வேண்டும். கழிவை நீக்கு, பதிவு செய், கணக்கிடு, செய்தி அனுப்பு என்று நான்கு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். வாசிப்பவர் எவருக்கும் ஒழுங்கு கண்ணுக்குத் தெரியும். அத்துடன் செய்தி அனுப்பும் பகுதி பதிவேட்டிலே துழாவாமல், நிறையை முன்னையவர் கையிலிருந்தே பெற்றுக்கொள்ளட்டும். நிறை கிடைக்காவிட்டால் அது ஓடவே முடியாது. பிழையான செய்தியும் செல்லாது. இறுதியாக, இரண்டு பெயரை நிறுத்து விடைகளை ஒப்பிடும் சிறு சோதனை ஒன்றையும் எழுதிவைத்தால், பிற்காலத்திலே யாரேனும் ஒழுங்கைக் குலைத்தால் அது அன்றைக்கே காட்டிக்கொடுக்கும்.

எல்லா வேலைகளையும் ஒருவரே எழுதும்போது இது கூடும். பலர் பல நாடுகளிலிருந்து தத்தம் கையாளிகளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது என்ன செய்வது? இந்த வினாவுக்கு விடை தேடிய முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே உருவெடுத்தது என்பதைச் சொல்லுவதில் நாம் பெருமை கொள்ளுகிறோம்.

கணினிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வலைச்சேவைகளுக்கு அப்பாச்சி அக்சிஸ் என்னும் ஜாவா நூலகம் பயன்பட்டு வந்தது. அதனுடைய புதிய அமைப்பாகிய அக்சிஸ் 2, 2004 ஓகஸ்ட் மாதத்திலே கொழும்பில் நடந்த கூட்டத்திலே முன்வைக்கப்பட்டது. அதன் ஆக்கத்திலே இலங்கைப் பொறியியலாளர் பலர் முன்னின்றனர். 2003இல் கலாநிதி சஞ்சீவ வீரவரண தோற்றுவித்த லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அதற்கு ஊக்கமளித்தது. 2006 மே மாதத்திலே அக்சிஸ் 2இன் முதற் பதிப்பு வெளிவந்தது.

அந்நூலகத்திலே வரும் செய்தி ஒரு குழாயினுள்ளே செல்வதுபோலச் செல்லுகிறது. குழாய் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. செய்தி வந்து சேரும் கட்டம், முகவரி பார்க்கும் கட்டம், பாதுகாப்புக் கட்டம், எந்தச் சேவைக்கு உரியதென்று பிரித்தனுப்பும் கட்டம் என்றிவ்வாறு அவை நிற்கும். கட்டங்களின் ஒழுங்கு ஓர் அமைப்புக் கோப்பிலே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கையாளியும் தான் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதை எழுத்திலே அறிவிக்க வேண்டும். கட்டத்துக்குள்ளே "நான் இன்னாருக்கு முன்", "நான் இன்னாருக்குப் பின்", "நானே முதல்", "நானே கடைசி" என்றும் சொல்லலாம். ஒரே கட்டத்திலே இருவர் "நானே முதல்" என்று வந்தால், நூலகம் தன்பாட்டில் ஒருவரைத் தெரிந்தெடுக்காது; தொடங்கும்போதே பிழையென்று சொல்லி நின்றுவிடும். இது எவ்வளவு நல்ல குணம்! நள்ளிரவிலே பிழையான கணக்குக் காட்டுவதிலும், காலையிலே வேலையைத் தொடங்க மறுப்பது மேலன்றோ?

இங்கே ஒழுங்கு பிழைத்தால் விளைவு என்னவென்று சிந்தியுங்கள். ஒரு வங்கிக்கு "இக்கணக்கிலிருந்து பணம் அனுப்புக" என்று செய்தி வருகிறது. கையொப்பம் உண்மையானதா என்று பார்க்கும் கையாளி முதலில் ஓட வேண்டும். பணத்தை அனுப்பும் வேலை பின்னரே நடக்க வேண்டும். முன்பின் மாறினால் கள்ளக் கையொப்பத்துக்கும் பணம் போய்விடும். இரண்டு கையாளிகளும் தத்தம் அளவிலே குற்றமற்றவை. தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறிவிடும். குற்றம் அவற்றின் இடையிலே இருக்கிறது. ஆகவேதான் இத்தகைய வழுவைத் தேடுவோர் ஒவ்வொருவரையும் தனியே விசாரிப்பதோடு அமையாது, அவர்கள் நிற்கும் வரிசையையும் விசாரிக்க வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? நம் ஊருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக நினைவிலே காத்துவந்த திரிபிடகத்தைக் கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதினார்கள் என்பது பௌத்தர்களின் மரபு. நினைவை மட்டும் நம்பியிருந்தால் காலத்தால் இழப்பு நேரும் என்று அஞ்சியே எழுதினார்கள். செய்நிரலின் ஒழுங்குக்கும் இது பொருந்தும். மூத்தவர் ஒருவருடைய நினைவிலே மட்டும் இருக்கும் ஒழுங்கு அவர் ஓய்வு பெறும் நாளிலே மறைந்துவிடும். எழுத்திலே இருக்கும் ஒழுங்கு பின்வருவோருக்கு வழிகாட்டும்.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடைசியாகக் கை வைத்தவனே குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் அலுவலகங்களிலே மட்டுமா இருக்கிறது? வீடுகளிலும் சங்கங்களிலும் உண்டு. இளைஞன் ஒருவன் புதிதாக வந்து ஒரு காரியத்தைச் செய்ய, அது கெட்டால், அவனுக்கு முன்னிருந்த ஒழுங்கை அவனுக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்தார்களா என்று முதலிலே கேளுங்கள். அதன் பின்னர் தீர்ப்புச் சொல்லுங்கள்.

வாலிபர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பழி வந்தால் கோபத்தினால் விடை சொல்லாதீர்கள். சாட்சியினால் விடை சொல்லுங்கள். நுழைவு வரியும் வெளியேற்ற வரியும் காட்டும் உண்மையை எவரும் மறுக்க முடியாது. நாம் மேலே சொன்ன நூலகங்களின் மூலநிரல்கள் இன்று எவருக்கும் திறந்து கிடக்கின்றன. அவற்றை வாசிக்கக் கடல் கடக்க வேண்டியதில்லை, பலாபத்வலையிலிருந்தே வாசிக்கலாம். மின்னிணைப்பும், ஒரு பழைய கணினியும், பொறுமையும் இருந்தாற் போதும். சங்கம் தன் வாசிகசாலையின் ஒரு மூலையிலே இரண்டு கணினிகளை வைத்து, வார இறுதியிலே மூத்த மாணவர் இளையோருக்குச் சொல்லிக்கொடுக்க வழிசெய்யுமானால், அடுத்த ஆண்டு விழாவிலே இம்மேடையில் நின்று பேசுவோர் இவ்வூர்ப் பிள்ளைகளாகவே இருப்பார்கள்.

எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்கப் பழகுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். எழுதியதைப் பின்வருவோர் கையிலே கொடுங்கள். இதுவே நாம் சொல்ல வந்தது.